தாய் வெளியே, குட்டிகள் உள்ளே: ஒரு வீட்டில் அணிலை அடைத்த கதை

அக்கா போனில் மூன்று விஷயம் சொன்னாள். படிப்பறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தினமும் காலையில் ஏதோ ஓடுகிறது. இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை இன்டர்நெட் கேபிள் அறுந்துவிட்டது. கொய்யா மரத்தில் ஒரு பழம்கூட முழுசாகக் கைக்கு வரவில்லை. மூன்றையும் அவள் தனித்தனித் தொல்லைகளாகவே நினைத்திருந்தாள். சீலிங்கில் எலி, கேபிள் மட்டமான சரக்கு, கொய்யாவில் கிளி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தாள்.

கட்டடப் பராமரிப்பு என் தொழில். ஒழுகல், விரிசல், கரையான், எலி எல்லாம் பழக்கம். அணிலைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அந்த அலட்சியத்துக்கு இந்த வேலையில் விலை கொடுத்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அணிலை வெளியேற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் நான் செய்த அதே தவறைத்தான் செய்கிறார்கள்.

எலியா, அணிலா

முதலில் கேட்க வேண்டியது சத்தம் எத்தனை மணிக்கு வருகிறது என்பது. எலி இரவு ஆள். அணில் பகல் ஆள். பறக்கும் அணில் மட்டும் விதிவிலக்கு, அது இரவில்தான் நடமாடும். அக்கா வீட்டில் சத்தம் விடிந்தபின் ஆரம்பித்து எட்டு மணிக்குள் ஓய்ந்துவிடும். மறுபடி வெயில் தாழ்ந்ததும் கொஞ்ச நேரம் கேட்கும். இருட்டிய பிறகு ஓசையே இல்லை. எலி இத்தனை ஒழுங்காகப் பகல் ஷிஃப்ட் பார்க்காது.

அடுத்த இரண்டு நாளும் காலையில் கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சோம்பேறித்தனம் மாதிரித் தெரிந்தாலும், மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். வந்தது முதுகில் மூன்று வெள்ளைக் கோடு போட்ட சிறிய வகை அணில். அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கொய்யாக் கிளையிலிருந்து பின்பக்கத் தகரக் கூரைக்கு வந்து, தகரத்தின் அலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து வழியாக உள்ளே போவது. சந்தின் அகலத்தை அளந்தால் 3 செ.மீ.தான். இன்னொன்று, தெருக் கம்பத்திலிருந்து வரும் இன்டர்நெட் கேபிள்மேல் நடந்து ஜன்னல் ஷேடில் இறங்கி, ஏசி குழாய் போகும் ஓட்டைக்குள் நுழைவது. ஓட்டையைச் சுற்றி அடித்திருந்த பழைய ஃபோம் (சந்து அடைக்கும் நுரை) பாதி காணவில்லை. கேபிள் அறுந்த இரண்டு இடங்களும் அந்த ஓட்டையிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் இருந்தன. ஆக மூன்று தொல்லைக்கும் குற்றவாளி ஒன்றுதான்.

மாடியில் ஏறி ஷேடின்மேல் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவிவிட்டு வந்தோம். சாயங்காலம் பார்த்தால் குட்டிக் குட்டிக் கால் தடங்கள், எல்லாம் ஓட்டையை நோக்கியே. எந்த ஓட்டை புழக்கத்தில் இருக்கிறது, எது வெறும் ஓட்டை என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கேபிளை ஏன் கடிக்கிறது என்று அக்கா கேட்டாள். "பிளாஸ்டிக்கில் என்னடா ருசி?" ருசிக்காக இல்லை. கொறித்துண்ணிகளின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கம் கெட்டியான எனாமல், பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டின் என்கிற பல்திசு. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் வேகமாகத் தேய்ந்து, முன்விளிம்பு உளிபோலத் தானே கூராகிக்கொள்ளும். கொறிக்காமல் விட்டால் பல் நீண்டுபோய் அணிலால் தின்னவே முடியாது. அதனால் மரம், பிளாஸ்டிக், ஈயம், மின்கம்பி உறை என்று பல்லுக்கு அகப்பட்டதெல்லாம் அதற்கு அரம்தான்.

அது சின்ன விஷயமும் இல்லை. 1987 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து டிரம்புல் நகரில் ஓர் அணில் மின்சாரத்தைக் கெடுத்ததில் நாஸ்டாக் பங்குச் சந்தையின் கணினி மையம் முடங்கியது. 82 நிமிடம் வர்த்தகம் இல்லை. 1994 ஆகஸ்டில் இன்னோர் அணில் அதே சந்தையை 34 நிமிடம் நிறுத்தியது. நமக்கு இன்டர்நெட் போனதோடு தப்பித்தோம் என்று அக்காவைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே விளக்குக்கான ஒயர்களும் ஓடின. உறை போன ஒயர் காய்ந்த நார்க்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தால் தீப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம். எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்த அறைக்குப் போகும் சர்க்யூட்டை மட்டும் நிறுத்தி வைத்தோம். வேறு எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது அதுதான்.

நான் போவதற்கு முன்பு நடந்தவை

அக்கா சும்மா இருக்கவில்லை. அந்துருண்டையை ஒரு பொட்டலமாகக் கட்டி ஏசி ஓட்டைக்குள் திணித்திருந்தாள். அணில் அதை வெளியே தள்ளிவிட்டுப் போய்விட்டது. வாடை மட்டும் படிப்பறைக்குள் இறங்கி, பிள்ளைகள் அங்கே உட்கார முடியாமல் போனது. அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் மனிதருக்கும் நல்லதில்லை. மூடிய அலமாரிக்கு என்று செய்த பொருளைக் கூரைக்குள் கொட்டினால் அந்தக் காற்றைச் சுவாசிக்கப்போவது நாம்தான்.

அடுத்து, பிளக்கில் செருகினால் காதுக்குக் கேட்காத மீஒலி எழுப்புகிற கருவி. கண்ணைச் சிமிட்டும் ஒரு நீல விளக்கு அதில் இருந்தது. நான் பார்க்கும்போது அதற்கு நேர் மேலேதான் சீலிங்கில் ஓட்டம் கேட்டது. மீஒலி சுவரையும் சீலிங் பலகையையும் ஊடுருவாது. தூரம் கூடக் கூடச் சீக்கிரம் வலுவிழந்துவிடும். கேட்டாலும் சில நாளில் பழகிப்போகும். 2001இலேயே அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இத்தகைய கருவிகளைத் தயாரிப்பவர்கள், விற்பவர்கள் என 60க்கும் மேற்பட்டோருக்கு, அறிவியல் சான்று இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. விற்பனை மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

மிளகாய்ப் பொடியைப் பற்றி மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம். அதிலுள்ள கேப்சைசின் பாலூட்டிகளுக்கு எரியும், பறவைகளுக்கு உறைக்காது. பறவைகளுக்கு வைக்கும் தானியத்தில் அதைக் கலப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஓட்டையில் தூவினால் ஒரு மழையில் போயிற்று. காற்றடித்தால் தூவியவர் கண்ணுக்குத்தான் முதலில் வரும். அக்கா அதையும் அனுபவித்திருந்தாள்.

அந்த மதியம் நான் செய்தது

வழி இரண்டும் தெரிந்துவிட்டது. மதியம் பதினொரு மணிக்கு அணில் வெளியே போவதையும் கண்ணால் பார்த்தேன். கையில் ஃபோம் டப்பா இருந்தது. வெளியே போன நேரத்தில் அடைத்துவிட்டால் கதை முடிந்தது என்று கணக்குப் போட்டேன். தகரச் சந்திலும் ஏசி ஓட்டையிலும் ஃபோம் அடித்து நிரப்பி, காய்ந்ததும் வழித்துவிட்டு, சாப்பிடப் போனேன்.

மூன்று மணிக்குத் தொடங்கியது. கூரை விளிம்பில் நின்று அந்த அணில் வாலை வெட்டி வெட்டி உதறிக்கொண்டு கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். ஃபோமைப் பிய்த்துத் துப்பியது. அங்கே போதாதென்று ஏசி குழாய்மேல் சுற்றியிருந்த கருப்பு உறையை நீளமாக உரித்தது. விரட்டினால் கொய்யா மரத்துக்கு ஓடி, நாம் திரும்புவதற்குள் மறுபடி அங்கே நிற்கும். அணிலை ஏறவிட்ட நாய் மாதிரி நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அக்கா படிப்பறையிலிருந்து கூப்பிட்டாள். சீலிங்குக்கு மேலே மெல்லிய கீச்சுக் குரல்கள்.

சீலிங்கில் சர்வீஸ் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். தேங்காய் நார், கிழிந்த துணி, பஞ்சு எல்லாம் உருண்டையாகச் சேர்த்த ஒரு கூடு. உள்ளே மூன்று குட்டிகள். முதுகில் கோடு மங்கலாகத் தெரிந்தது. கண் இன்னும் திறக்கவில்லை.

நான் அடைத்தது தாயை வெளியே விட்டுக் குட்டிகளை உள்ளே வைத்து. தொழில் தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டு செய்த வேலை அது. அணில் குட்டி கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும். தாய்ப்பால் இல்லாமல் ஒரு நாள்கூடத் தாங்குவது கஷ்டம். உள்ளே செத்தால் நாற்றமும் ஈயும் வேறு. குட்டி உள்ளே இருக்கும்வரை தாய் எந்த அடைப்பையும் விடாது. ஃபோமை மட்டுமல்ல, மரச்சட்டத்தையும் பிய்க்கும். அப்படி ஆகும் சேதம் முதலில் ஆன சேதத்தைவிடப் பெரிதாக இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. ஏசி குழாய் உறையை முழுசாக மாற்ற வேண்டியிருந்தது.

உடனே தகரச் சந்தில் அடைத்ததை எடுத்துவிட்டோம். பத்து நிமிடத்தில் தாய் உள்ளே போனது. கத்தல் நின்றது.

அத்தான் சொன்ன யோசனை

அன்று இரவு அத்தான், "கூண்டு வைத்துப் பிடித்து, தூரமாக எங்கேயாவது மரம் நிறைய இருக்கிற இடத்தில் விட்டுவிட்டால் என்ன?" என்றார். கேட்பதற்குக் கருணையான யோசனை. ஆனால் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் புறநகர்ப் பகுதியிலிருந்து பெரிய காட்டில் கொண்டுபோய் விடப்பட்ட 38 சாம்பல் அணில்களில் 97 சதவீதம், 88 நாளுக்குள் செத்தன அல்லது விட்ட இடத்தை விட்டு மறைந்துபோயின. தெரியாத இடத்தில் ஒளிய இடமும் தெரியாது, தீனி இருக்கும் இடமும் தெரியாது. ஏற்கெனவே அங்கிருக்கும் அணில்கள் விரட்டும். பிரிட்டனில் சாம்பல் அணிலைப் பிடித்தால் திரும்ப வெளியே விடுவதே சட்டப்படி குற்றம், ஏனென்றால் அங்கே அது வெளியிலிருந்து வந்து பரவிய இனம். வேறு பல நாடுகளில் காட்டுயிரைப் பிடிப்பதற்கே அனுமதி வாங்க வேண்டும். உங்கள் இடத்தில் என்ன விதி என்று கேட்காமல் கூண்டு வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஓட்டை திறந்திருந்தால், பிடித்துக்கொண்டு போன அணிலின் இடத்துக்கு வேறொன்று வரும். அணிலை மாற்றுவதால் வீடு மாறாது. விஷமும் பசைத் தட்டும் எனக்கு ஒத்துவராதவை. ஒத்துவந்தாலும் சீலிங்குக்குள் செத்த உடலைத் தேடி எடுக்கப்போவது யார்? அத்தான் சரி என்று விட்டுவிட்டார்.

வெளியே அனுப்பியது

இரண்டு வழி இருந்தது. குட்டிகள் வளர்ந்து தாமாக வெளியே வரும்வரை காத்திருக்கலாம். சாம்பல் அணில் குட்டிகள் பால் மறக்கவே சுமார் 10 வாரம் ஆகும். கோட்டு அணிலுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். சர்க்யூட்டை நிறுத்திவிட்டதால் ஆபத்து குறைவு. பொறுமை இருந்தால் இதுதான் சிக்கலில்லாத வழி. இன்னொன்று, தாய்க்கு அந்த இடத்தை அசௌகரியமாக்குவது. மர அணில்கள் ஒரே கூட்டை நம்பி இருப்பதில்லை. மாற்றுக் கூடு ஒன்றிரண்டு கட்டி வைத்திருக்கும். தொல்லை வந்தால் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு இடம் மாறும்.

சர்வீஸ் மூடியைத் திறந்து வைத்தோம். சர்க்யூட் நிறுத்தியிருந்ததால் வேறு அறையிலிருந்து ஒயர் இழுத்து, கீழே ஒரு விளக்கைப் பகல் முழுக்க எரியவிட்டு, ரேடியோவில் பேச்சு நிகழ்ச்சியை வைத்தோம். சத்தமாக இல்லை, அறையில் ஆள் பேசுகிற அளவுக்கு. மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு அக்கா போன் செய்து, "வாயில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகுதுடா" என்றாள். குட்டி தாயின் கழுத்தைச் சுற்றி மாலை மாதிரிச் சுருண்டிருந்ததாம். ஒரு மணி நேரத்துக்குள் மூன்றும் பக்கத்து வீட்டுக் காகிதப்பூக் கொடிக்குள் போய்ச் சேர்ந்தன. விளக்கும் ரேடியோவும்தான் காரணமா, முந்தின நாட்களில் நான் செய்த ரகளையா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். இரண்டும் சேர்ந்திருக்கும். எலும்பு நடுங்கும் குளிரிலோ கொட்டுகிற மழையிலோ இதைச் செய்யாதீர்கள். தாய் குட்டியைத் தூக்கிக்கொண்டு போக நல்ல நாள் வேண்டும்.

அப்புறமும் உடனே அடைக்கவில்லை. ஒருமுறை பட்டாயிற்றே. தகரச் சந்திலும் ஏசி ஓட்டையிலும் செய்தித்தாளைக் கசக்கி லேசாகத் திணித்தோம். உள்ளே யாராவது இருந்தாலும் வெளியிலிருந்து வந்தாலும் தாள் இழுபட்டுக் கிடக்கும். முதல் நாள் ஏசி ஓட்டைத் தாள் கீழே கிடந்தது. உடனே அந்த ஓட்டையில் ஒருவழிக் கதவு வைத்தோம். கம்பி வலையைக் குழாய்போல் உருட்டி ஒரு சாண் நீளத்துக்கு வெளியே நீட்டி, நுனியில் மேலே கீல் வைத்த சிறு வலைத்துண்டு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து இழுக்க முடியாது. குட்டி இல்லை என்று உறுதியான பிறகு மட்டுமே இதை வைக்கலாம். இல்லாவிட்டால் என் ஃபோம் வேலையைக் கொஞ்சம் நாசூக்காகச் செய்ததாகத்தான் ஆகும். அடுத்த மூன்று நாள் தாளும் பவுடரும் அப்படியே இருந்தன.

கூட்டை எடுக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போட்டு, கிருமிநாசினித் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே அள்ளினோம். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்குக்குள் போகும். உண்ணி, தெள்ளுப்பூச்சி இருக்க வாய்ப்புண்டு. ரேபிஸ் பயத்தை அக்கா கேட்டாள். அணில், எலி போன்ற சிறு கொறித்துண்ணிகளிடம் ரேபிஸ் இருப்பது மிக மிக அரிது. ஆனாலும் கடித்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

அடைப்பு

பல் நுழையாத பொருள் மட்டும்தான் அடைப்பு. ஃபோம், சிலிகான், ரப்பர், மரம், நைலான் வலை எல்லாம் காற்றையும் பூச்சியையும் தடுக்கும், அணிலைத் தடுக்காது. நாங்கள் எடுத்தது துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை. கண் 12 மி.மீ., கம்பி 1 மி.மீ. தடிமன். கோழி வலையை ஒருவர் சிபாரிசு செய்தார். அது மெலிசு. கண் பெரிசு. வளைத்தால் வளையும். வேண்டாம்.

தகரச் சந்து நேர்கோடு இல்லை, அலை. கடையில் அலை வடிவத்திலேயே ஃபோம் பட்டை கிடைக்கும். அது மழைச்சாரலுக்கு. எங்கள் ஆசாரி தகரத்தை அலைக்கு ஏற்றபடி வெட்டி, எல் வடிவில் மடித்து, ஒரு பக்கம் சுவரிலும் ஒரு பக்கம் கூரைச் சட்டத்திலும் திருகினார். ஆணி அடிக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஆணியை நெம்பிவிடும். திருகாணியும் அகல வாஷரும் போட்டு, ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. அதிகமாக மூடினோம். விளிம்பு ஓட்டையோடு ஒட்டி முடிந்தால் அங்கிருந்துதான் பிய்க்கத் தொடங்கும். பூனையோ அணிலோ, எதற்கும் ஒரு நுனி கிடைத்தால் போதும்.

ஏசி குழாய் ஓட்டையில் செம்புக் கம்பிநாரை இறுகத் திணித்து, மேலே சிமென்ட் கலவை பூசினோம். இரும்பு நார் வைத்தாலும் ஆகும், ஆனால் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். சுவரிலும் கறை இறங்கும்.

எல்லா ஓட்டையையும் அடைக்கிற வேகத்தில் அடைக்கக் கூடாதவற்றை அடைத்துவிடாதீர்கள். ஏசியின் தண்ணீர்க் குழாய், கூரைக்குள் காற்று போகும் துவாரம், கேஸ் கீசரின் புகைக்குழாய். காற்றுத் துவாரத்துக்கு வலை மட்டும். புகைக்குழாய்க்கு நம் கைவேலை வேண்டவே வேண்டாம், தூசி சேர்ந்து அடைத்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கென்று செய்த மூடியைத் தெரிந்தவரை வைத்துப் போடச் சொல்லுங்கள். எக்சாஸ்ட் ஃபேனுக்கு வெளியே வலை போட்டோம், அதில் பிசுக்கு ஏறும், மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

கிளையும் கேபிளும்

கொய்யாக் கிளை விஷயத்தில் இரண்டாவது தடவை ஏமாந்தேன். கூரையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வெட்டினால் போதும் என்று அளந்து வெட்டினோம். மறுநாளே அணில் கூரையில். அது எதிரிலிருந்து தாவவில்லை, மேலே இருந்த கிளையிலிருந்து கீழ்நோக்கித் தாவியது. கூரைக்குப் பக்கவாட்டில் எவ்வளவு இடைவெளி என்று மட்டும் பார்த்தேன், மேலே என்ன தொங்குகிறது என்று பார்க்கவில்லை. பெரிய சாம்பல் அணில் பக்கவாட்டில் இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் தாவும் என்பதைப் பொதுக் கணக்காக வைத்துக்கொள்வது நல்லது. மேலேயிருந்து என்றால் அதற்கும் கூட. மறுபடி ஏறி, கூரையைவிட உயரமாக நின்ற இரண்டு கொம்புகளையும் குறைத்தோம். அதற்குப் பிறகு நின்றது.

சுவரே அதற்கு வழி என்பதும் உண்மைதான். பின்னங்கால் கணுக்காலைப் பின்பக்கம் திருப்பிக்கொள்ள முடிவதால் தலைகீழாகவும் இறங்கும். சொரசொரப்பான பூச்சில் நகம் நன்றாகப் பிடிக்கும். அதனால் கிளையை வெட்டுவது போக்குவரத்தைக் குறைக்கும், நிறுத்தாது. நிறுத்துவது அடைப்புதான்.

இன்டர்நெட் கேபிள்மேல் முழங்கை நீளமுள்ள, அகலமான பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டினோம். கால் வைத்தால் சுழலும். முதல் அணில் சுழன்று கேபிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கியதை அக்காவின் சின்ன மகன் வீடியோ எடுத்து வைத்திருக்கிறான். இது தொலைத்தொடர்புக் கேபிளுக்கு மட்டும். மின்கம்பிப் பக்கம் கையே போகக் கூடாது.

தோட்டம் வேறு கணக்கு

வீட்டைப் பூட்டலாம். தோட்டத்தைப் பூட்ட முடியாது. இதை அக்காவுக்குப் புரியவைக்கத்தான் அதிக நாள் ஆனது.

மரத்தண்டைச் சுற்றி 60 செ.மீ. அகலத் தகரத்தைக் கட்டினால் அணில் வழுக்கிவிடும் என்பது சரியே. ஆனால் அந்த மரம் தனியாக நிற்க வேண்டும். கீழ்க்கிளை ஆள் உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். சுவரோ வேறு மரமோ தாவும் தூரத்தில் இருக்கக் கூடாது. அக்காவின் கொய்யா இடுப்பளவில் கிளைத்து மதில்மேல் சாய்ந்து நிற்கிறது. அதற்குத் தகரம் கட்டுவது காசுக்குக் கேடு. கட்டுகிறவர்கள் ஸ்பிரிங் வைத்துக் கட்டி, தண்டு பருக்கப் பருக்கத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பட்டையை இறுக்கி மரத்தையே கெடுத்துவிடும்.

மரம் முழுக்க நைலான் வலை போர்த்த அத்தான் கிளம்பினார். தடுத்துவிட்டேன். தொளதொளவென்று தொங்கும் அகலக்கண் வலையில் அணிலைவிட முதலில் சிக்குவது குருவியும் பாம்பும் வௌவாலும்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண் இழுத்துப் பிடித்த நிலையிலும் 5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்து, விரல் நுழைந்தால் வாங்காதீர்கள் என்று அங்கே சொல்கிறார்கள். நல்ல அளவுகோல்.

கடைசியில் எங்களுக்குப் பலன் தந்தது வலையில்லை, பறிக்கும் நேரம். கொய்யா பறித்த பிறகும் பழுக்கும். பச்சை வெளுத்து லேசாக மஞ்சள் ஓடும்போதே பறித்து உள்ளே வைத்தால் இரண்டு மூன்று நாளில் வாசம் வந்துவிடும். தக்காளியும் அப்படித்தான். அடிப்பக்கம் நிறம் மாறத் தொடங்கினால் போதும். அணிலுக்குப் பழுத்ததுதான் வேண்டும், காய்மேல் அதற்கு அவ்வளவு நாட்டமில்லை. நாம் ஒரு நாள் முந்தினால் அது நம்முடையது. மாதுளையில் இந்த வித்தை பலிக்காது. பறித்தபின் அது பழுக்காது. அதற்கு ஒவ்வொரு நல்ல காயையும் கம்பி வலையில் பை மாதிரிச் சுற்றிக் கட்டினோம். துணிப்பையைக் கிழித்துவிட்டது, காகிதப்பை ஒருநாள்கூட நிற்கவில்லை. பதினைந்து காய்க்கு வலை கட்டினோம், மீதியை விட்டுவிட்டோம்.

தொட்டியில் விதை போட்டால் தோண்டுவது இன்னொரு வழக்கு. கிளறிய மண் கண்டால் அணிலுக்குக் கை சும்மா இருக்காது. மண்மேல் வெல்டு மெஷ்ஷைப் படுக்கையாக வைத்து, நாற்று வருமிடத்தில் மட்டும் கத்தரித்துவிட்டால் போதும். தண்டு பருத்ததும் எடுத்துவிடலாம். கூழாங்கல்லும் பரவாயில்லை, ஆனால் சின்னக் கல்லைத் தள்ளிவிடும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் தினமும் காலையில் பறவைகளுக்குத் தானியம் வைப்பார். நாள் முழுக்கத் தட்டு நிறைந்தே இருக்கும், அதுவும் மதில்மேல், கொய்யா மரத்துக்கு ஒரு தாவல் தூரத்தில். இத்தனை அணில் ஏன் என்பதற்குப் பாதி விடை அங்கே இருந்தது. அக்கா போய்ப் பேசத் தயங்கினாள். நான் போனேன்.

"ஐயா, தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் நன்றாக இருக்கும்."

"அணிலும் தின்றுவிட்டுப் போகட்டுமே தம்பி. அதுக்கும் வயிறு இருக்கே."

"தின்னட்டும் ஐயா. தின்றுவிட்டு எங்கள் கூரையில் வந்து பிள்ளை பெறுகிறது."

சிரித்துவிட்டார். நிறுத்த மாட்டேன் என்றார், அதில் தப்பும் இல்லை. தட்டை மதிலிலிருந்து எடுத்து, தோட்டத்து நடுவே ஒரு கம்பத்தில் வைக்கவும், பறவைகள் ஒரு மணி நேரத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும் போடவும் ஒத்துக்கொண்டார். அணில் ஏறாதபடி, கம்பத்தில் கவிழ்த்த புனல் மாதிரி ஒரு தகரத்தை எங்கள் ஆசாரியே கட்டிக்கொடுத்தார். சிந்தும் தானியத்தைக் கூட்டி எடுப்பதை மட்டும் அவர் மறந்துவிடுகிறார்.

பதினோரு மாதம் கழித்து

சீலிங்குக்கு மேலே சத்தம் இல்லை. கேபிள் அறுபடவில்லை. ஒயர்களை எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்ததில் இரண்டு இடத்தில் உறை போயிருந்தது. அந்தத் துண்டுகளை மாற்றி, மறுபடி கடிபடாமல் இரும்புக் குழாய்க்குள் விட்டுவிட்டார்.

நாலாவது மாதம் தகரத்தின் ஒரு முனையில் புதுப் பல் தடம் தெரிந்தது. பழைய தாயோ, அதன் பிள்ளைகளில் ஒன்றோ. பூச்சு சுரண்டியிருந்தது, தகரம் அசையவில்லை. ஏழாவது மாதம் மழைக்குப் பிறகு இரண்டு திருகாணிகள் துருவேறி ஒன்று கழன்றிருந்தது. எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியாக மாற்றினோம். முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும். செலவை மிச்சப்படுத்தப் போய் இரண்டு தடவை ஏணி ஏறினதுதான் மிச்சம்.

கொய்யாவில் இந்தப் பருவம் பாதிக்கு மேல் வீட்டுக்கு வந்தது. உச்சிக் கிளைப் பழங்களை யாரும் பறிக்கப் போவதில்லை, அவை அணிலுக்கும் கிளிக்கும். மாதுளையில் வலை கட்டிய பதினைந்தில் பதின்மூன்று தேறியது. ஒன்றை எறும்பு எடுத்துக்கொண்டது, ஒன்று வெடித்துவிட்டது. தக்காளியைப் பற்றி அக்காவிடம் கேட்காதீர்கள், போன வாரம் ஊருக்குப் போயிருந்த இரண்டு நாளில் பழுத்த எட்டும் போய்விட்டன.

பெரியவர் வீட்டுக் காகிதப்பூக் கொடியில் இப்போது இரண்டு கூடு இருக்கிறது. ஏணி அக்கா வீட்டிலேயே கிடக்கிறது, அடுத்த மழைக்கு முன் கூரை விளிம்பைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.